கைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக மற்றவர்கள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். நானாக எழுதியது 'இங்கு லேமினேஷன் செய்து தரப்படும்' என்ற போர்டு ஒன்றுதான். அதையும் பக்கத்துக் கடை போர்டைப் பார்த்துத்தான் எழுதினேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் பேசுவதைவிட இது எனக்குக் கொஞ்சம் சுலபம் என்பதால் துணிந்துவிட்டேன்.

நான் சொல்லப்போகிறவருக்குப் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தெரபி மேடம். சில வருடங்களுக்கு முன்னால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை ஐந்து வயது வரை வரவழைத்துப் பார்க்கும் மையம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. மாடியில் ஒரே அறை. தரையில் நீலப் பாய், சுவரில் ஒரு கடிகாரம், மூலையில் பெரிய ரப்பர் பந்து. அங்கே நடக்காத குழந்தைக்கு நடக்கவும், பேசாத குழந்தைக்குப் பேசவும் பயிற்சி கொடுப்பவர் அவர். முப்பது வயது இருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை 'அப்பா' என்று கூப்பிடுவார். அங்கே வரும் ஆண்கள் அனைவருமே அவருக்கு அப்பாதான். பிறகு வேறு மாவட்டத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

நாங்கள் முதல் நாள் போனபோது எங்கள் மகள் பாப்பாவுக்கு இரண்டு வயது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். நான் குனிந்தேன்.

"அப்பா, கைய எடுங்க. பாப்பா கழட்டட்டும்."

ஒட்டுப்பட்டை வைத்த செருப்பு. ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். பாப்பா தன் காலை யாரோ தெரியாதவருடைய காலைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. பதினோரு நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. கடிகாரம் நேர் எதிரே இருந்ததாலும், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாததாலும் எனக்கு நிமிடக் கணக்கு சரியாகத் தெரியும். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்று பாக்கி இருந்தது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதை இவ்வளவு சிரத்தையாகச் செய்யும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கடைக்கு எதிரே சில மேசைகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கையைத் தொடைக்கடியில் வைப்பதில்லை, கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள்.

பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு இதைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

"உக்காந்த எடத்துலயே சம்பளம் பாரு."

"எங்க ஊட்டுக்காரரும் இப்டிதாங்க்கா. ஒரு வேலைக்கும் கை அசையாது. ஆனா அவர யாரும் மேடம்னு கூப்பிடல."

மேடம் காதில் அது விழுந்தது. "உதவி பண்ணக் கை தானாப் போயிடும்மா. எனக்கும்தான் போவுது. அதான் மேல ஏறி உக்காந்துக்கறேன்" என்றார். பிறகு அந்த அம்மாவையும் அப்படியே உட்காரவைத்தார். ஒரு மாதத்தில் பெஞ்சு முழுவதும், கை கட்டிப்போட்ட கைதிகளைப் போல, தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் வீட்டு நடைமுறை இதற்கு நேர் எதிர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள் பாப்பா. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறக்க வேண்டியவள், மே மாதக் கடைசியிலேயே வந்துவிட்டாள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடச் சற்றுக் கூடுதல் எடை. ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அதற்குள் கையை விட என் மனைவிக்கு மட்டும் அனுமதி. வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, வீட்டையே இன்னொரு கண்ணாடிப் பெட்டியாக மாற்றியது. நான், என் மனைவி, மனைவியின் அண்ணன் என்று மூன்று பெரியவர்கள் ஒரு குழந்தைக்கு. அவள் டம்ளரைப் பார்த்தால் தண்ணீர் வந்தது. கதவைப் பார்த்தால் செருப்பு காலில் ஏறியது. கடைவாயில் சோறு தங்கினால், விழுங்கும் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். பிறகு, பாப்பா இன்னும் பேசவில்லையே என்று டாக்டரிடம் கவலைப்பட்டோம். பேச வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன இருந்தது? மகாராணிகள் வாய் திறந்தா கேட்கிறார்கள்?

என் மச்சானுக்கு அந்தக் கவலைகூட இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலை வரை உள்ள எல்லோருடைய பிரச்சினைக்கும் அவரிடம் பதில் உண்டு.

"ஏழு மாசத்துல பொறந்த கொழந்தைக்கு மூள ஜாஸ்தி மாப்ள. உள்ள எடம் பத்தாமதான் சீக்கிரம் வந்துருக்கு."

மேடமின் தாளில் பாப்பாவின் வயதை எழுத இரண்டு கட்டங்கள் இருந்தன. பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று. "ரெண்டு வயசோட இந்தக் கணக்கு முடிஞ்சிபோச்சு. ஆனா ஸ்கூல்ல போடறப்ப அந்த ரெண்டரை மாசத்த மறந்துடாதீங்க" என்றார். நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

என்னிடமும் அவர் பாப்பாவிடம் போலவே, உதவாமல் காத்திருந்துதான் நடந்துகொண்டார். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் முடித்துவைக்க ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதே எனக்குப் பதிலாக என் பெரியப்பாதான் சொன்னார். நல்லவேளையாகச் சரியான பதிலைச் சொன்னார். அதனால் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது. மீதி யார் வாயிலிருந்தாவது வந்துவிடும்.

"வீட்ல எப்படி இருக்கா, அப்பா?"

"வீட்ல... வந்து..."

நிறுத்தினேன். மீதி வரவில்லை. மேடம் கைகளின் மேல் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு மரியாதைக் குறைவாக என்னை யாரும் நடத்தியதில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்குச் சட்டை நனைந்தது. கடைசியில் என் வாயிலிருந்தே வந்தது: "மிக்ஸி போட்டா பாப்பா பயப்படறா. காதப் பொத்திக்கிட்டு கதவுக்குப் பின்னாடி போயிடறா."

அதை அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பெரிய மனிதர்களுக்கும் அவர் விலக்கு கொடுக்கவில்லை. ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த வெளியூர்க்காரர் ஒருவர், வந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று, குழந்தைகளுக்குப் புத்தகப் பைகளோடு மையத்துக்கு வந்தார். கூடவே ஒரு போட்டோகிராபர். இருப்பதிலேயே சின்ன உருவம் என்பதால் முதல் பை எங்கள் பாப்பாவுக்கு. அவர் பையை நீட்டினார். பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாங்கும்மா, வாங்கு" என்று அறை முழுவதும் சொன்னது. என் கை நீண்டது. எனக்கு முன்னால் மச்சான் கை நீண்டது.

"யாரும் வாங்கித் தராதீங்க. பாப்பா வாங்குவா. சார், நீங்க அப்படியே புடிச்சிக்கிட்டிருங்க" என்றார் மேடம்.

சார் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் நிமிடம் முகம் முழுவதும் சிரித்தது. இரண்டாவது நிமிடம் பல் மட்டும் சிரித்தது. நான்காவது நிமிடத்தில் பாப்பா கையை முன்னால் கொண்டுவந்தாள். பையை வாங்கவில்லை. அதன் ஜிப்பைப் பிடித்துப் பாதி வரை இழுத்தாள். மேடம் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு துள்ளு துள்ளினார். "தொறந்துட்டா சார்! பாத்தீங்களா? அவளா தொறந்தா!" காலிப் பையைத் திறந்ததற்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அந்த மனிதருக்குக் கடைசி வரை புரியவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அவருடைய புண்ணியம் வேறு முகவரிக்குப் போய்விட்டது.

பாப்பாவுக்கு மூன்று வயது நெருங்கியபோது பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. மே மாதம் பிறந்த குழந்தை இந்த வருடம் எல்.கே.ஜி.; ஆகஸ்டில் பிறந்தது அடுத்த வருடம். காகிதத்தில் பாப்பா மே மாதம். மேடமோ, வருடாந்திரச் சோதனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். நன்றாகச் செய்தால் பள்ளிக்கூடம். இல்லையென்றால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும், பயிற்சி தொடரும்.

"தெருவுல எல்லாப் பசங்களும் டை கட்டிக்கினு போவுது. நம்ம கொழந்த மட்டும் ஊட்ல உக்காந்து சொவத்தப் பாத்துக்கினு இருக்கணுமா? இன்னா மாப்ள நீ?" என்றார் மச்சான்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் என் கடைக்கு வந்தார். சோதனைத் தாளின் வெற்றுப் படிவத்தை நீட்டி, "அப்பா, நாப்பது காபி போடுங்க" என்றார். நாற்பது கொடுத்தேன். மெஷின் நாற்பத்தொன்று எடுத்திருந்தது. பட்டனை அழுத்துகிறவர் நாற்பத்தொன்று என்று அழுத்தினால் மெஷின்கள் அப்படிச் செய்வதுண்டு.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க இது?"

"கொஸ்டின் பேப்பர்."

"நல்ல வேல பண்ணீங்க" என்றாள். கல்யாணமான நாள் முதல் எனக்குக் கிடைத்த இரண்டாவது பாராட்டு. முதலாவது எதற்கு என்று மறந்துவிட்டது.

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் எல்லோரும் செய்வதைத்தான் நாங்கள் செய்தோம். சற்று முன்கூட்டியே தொடங்கினோம், அவ்வளவுதான். என் பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் கைப்பேசியும் சேர்ந்து தாளை மொழிபெயர்த்தோம். எட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பெரிய மணிகளைக் கயிற்றில் கோக்க வேண்டும். வட்டம் போட வேண்டும். பந்தை எடுத்து நாற்காலிக்குக் கீழே வை என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மேடமின் கட்டைகள் சிவப்பு. அதனால் ஆசாரியிடம் எட்டுக் கட்டைகள் செய்யச் சொல்லி, அதே சிவப்பில் பெயிண்ட் அடித்தேன். கட்டைக்குப் பொறுப்பு நான். மணிக்கும் வட்டத்துக்கும் மனைவி. பந்துக்கு மச்சான். தினமும் சவாரிக்கு நடுவில் வந்து, "பந்த எடுத்து சேருக்குக் கீழ வை" என்று சொல்லி, முதலில் அவரே தவழ்ந்து போய் வைத்துக் காட்டுவார். பாப்பா வைத்தால் ஒரு முறுக்கு. இரண்டு மாதத்தில் மச்சானுக்கு அது மிக நன்றாக வந்துவிட்டது. பாப்பாவுக்கும் வந்தது.

சோதனை நாளில் எட்டுக் கட்டைகளும் ஒரே மூச்சில் ஏறின. மணி கோத்தாயிற்று, வட்டம் வட்டமாகவே வந்தது, பந்து நாற்காலிக்குக் கீழே போனது. மேடம் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ல இதெல்லாம் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தீங்களா, அப்பா?"

"இல்லைங்க மேடம்" என்றேன். திக்கவில்லை, தயங்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது.

அவர் கைகளை வெளியே எடுத்து, பாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஸ்கூல்ல போடலாம். இனிமே வாராவாரம் வர வேணாம்" என்றார். எங்கள் இடம், ஆறு மாதமாகக் காத்திருந்த இரட்டைக் குழந்தைகளுக்குப் போனது. அவர்களுடைய அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். நாங்களும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டோம்.

ஜூன் மாதம் டை கட்டிப் பள்ளிக்கு அனுப்பினோம். இரண்டாவது வாரம் வகுப்பு மிஸ் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏ பி சி டி கரெக்டா சொல்றா சார். ஆனா பந்த எடுத்துட்டு வான்னா, எடுத்துட்டுப் போயி என் சேருக்குக் கீழ வெக்கிறா. வெச்சிட்டுக் கைய நீட்டுறா. என்னடான்னு கேட்டா முறுக்குன்றா. கிளாஸே சிரிக்குது. கட்ட அடுக்கச் சொன்னா செவப்புதான் வேணுமாம். பச்சையக் குடுத்தா ஒரே அழுகை. டிபன் டப்பாவ வெச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா, சாப்பிடுன்னு சொன்னா டப்பாவப் பாக்கறா. பெல் அடிச்சா பெஞ்சுக்கடியில போயிடறா. முப்பது பசங்கள வெச்சிக்கிட்டு நான் ஒவ்வொரு தடவையும் இழுத்துட்டு வர முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"மிஸ் சரியில்ல மாப்ள. ஸ்கூல மாத்து" என்றார் மச்சான்.

மூன்றாவது வாரம் பாப்பா வீட்டிலும் பேசுவதை நிறுத்தினாள். ஒரு வருடத்தில் சேர்ந்திருந்த நாற்பது ஐம்பது வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தண்ணீர் வேண்டுமென்றால் பழையபடி டம்ளரைப் பார்த்தாள். யாராவது சிவப்புக் கட்டையை எடுத்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நாங்கள் மூவரும் சேர்ந்து ஜெயிக்கவைத்தது ஒரு தாளை. தோற்றுக்கொண்டிருந்தது அவள். எந்தப் பயிற்சி அவளுக்கு இப்போது வேண்டுமோ, அதை என் கையாலேயே பிடுங்கி வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புரிவதற்கு நேரமாகும் ஆள் வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, நாற்பத்தொன்றாவது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். மேடம் பாயில் இருந்தார். எதிரே இரட்டையரில் ஒருவன் ஒரு மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"மேடம்... அந்த... ஃபாரம்..."

நின்றுவிட்டது. பெஞ்சிலிருந்த ஒரு அம்மா உதவிக்கு வந்தார். "ஃபாரம் வேணுமாம் மேடம்."

"அவரு சொல்வாரும்மா" என்றார் மேடம். கைகள் தொடைக்கடியில் இருந்தன.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் 'அந்த' என்பதிலேயே நின்றேன். பிறகு தாளை எடுத்துப் பாயில் வைத்தேன்.

"நாப்பத்தொண்ணு அடிச்சேங்க. ஒண்ண நான் எடுத்துக்கிட்டேன். வீட்ல வெச்சி ரெண்டு மாசம் பழக்கினோம். அன்னிக்கு நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். பாப்பா இப்ப பேசறதில்லைங்க."

தாளின் மடிப்புகள் கிழிந்திருந்தன. ஒரு மூலையில் முறுக்கு எண்ணெய். மேடம் அதையே பார்த்தார்.

"கட்டைய அடுக்கிட்டு பாப்பா என்னப் பாக்கல. உங்களப் பாத்தா. எனக்கு அப்பவே டவுட்டு. அதான் கேட்டேன்" என்றார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க டக்குனு பதில் சொன்னீங்க. நீங்க டக்குனு சொல்ற ஆளா? அதுலயே நான் புடிச்சிருக்கணும். ஒரு கொழந்தையாவது சீக்கிரம் முடிச்சிட்டுப் போவட்டும்னு எனக்கும் ஆசை வந்துடுச்சி. அது என் தப்பு" என்றார்.

திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு ஜன்னலில் கிடந்த காலி தீப்பெட்டிகளை எடுத்து பாப்பாவுக்கு முன்னால் கொட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. பாப்பா என்னைப் பார்த்தாள். நான் கைகளை அடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். இரட்டையரின் பயிற்சி முடிந்து, அவர்கள் செருப்பு மாட்டி, படியிறங்கிப் போன பிறகு, ஒரு தீப்பெட்டியின் மேல் இன்னொன்றை வைத்தாள். அதன் மேல் மூன்றாவது. நான்காவது விழுந்தது.

"மூணு. இதான் அவளோட கணக்கு" என்று மேடம் எழுதினார். "இந்த வருஷம் அங்கன்வாடியில விடுங்க. எல்.கே.ஜி. அடுத்த வருஷம். ஆகஸ்ட் கொழந்தைக்கு அதான் சரி."

"இங்க... பயிற்சிக்கு..."

அவர் காத்திருந்தார்.

"எடம் கெடைக்குமாங்க?"

"இல்லப்பா. அந்தப் பசங்கள நடுவுல நிறுத்த முடியாது. தீபம் முடிஞ்சி பாக்கலாம்."

கார்த்திகை தீபத்துக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மச்சானும் இருந்தார். "மேடம் சொல்லிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்கூல் மாத்தச் சொல்லிச்சா?" என்றார் மச்சான்.

"டியூஷன் வெக்கச் சொன்னாங்களா?" என்றாள் மனைவி.

"இருங்க. நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி அடுப்பை அணைத்தாள். எனக்கு வேர்த்தது. அவர்கள் காத்திருந்தார்கள், வேறு என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. "நாளையிலேருந்து ஸ்கூல் கெடையாது. அங்கன்வாடி. அடுத்த வருஷம்தான் எல்.கே.ஜி. கொஸ்டின் பேப்பர் எடுத்தது நான்தான்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லி முடித்தேன்.

"ஒரு வருஷம் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு மச்சான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். மனைவி சிவப்புக் கட்டைகளை எடுத்துப் பரண் மேல் போட்டாள்.

மறுநாள் பாப்பாவை எங்கள் தெரு அங்கன்வாடியில் விட்டோம். பத்தரை வரை அழுதாளாம். மதியம் முட்டை சாப்பிட்டாளாம். முட்டை ஓட்டை மட்டும் அங்கன்வாடி ஆயா உரித்துக் கொடுத்திருக்கிறார்.